எழுபதுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவில்

"புஸ்தகத்தைப் பாருங்க. என் மூஞ்சியைப் பாக்காதீய" என்று சொல்லிவிட்டு பியூலா ஊறவைத்த பூண்டுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சரி, புஸ்தகத்தைப் பார்க்கிறேன். முப்பத்தொரு வருடம் பார்த்த முகம்தானே, இனி அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை, ஏனென்றால் அது பொய். அந்த முகத்தில் ஒன்றரை வருடமாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. சமாதானம், இளைப்பாறுதல், என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஊர்க்காரர்கள் வந்து "ஆசீர் சார், அக்கா முகத்துல என்ன ஒரு தெளிச்சி பாத்தீயளா" என்று என்னிடமே சொல்கிறார்கள், நான் என்னவோ அதற்கு உரம் போட்டவன் மாதிரி. சனிக்கிழமை, மணி மூன்று. நாளை கோயிலில் அசனம், சபை முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற சோறு, அதற்கு வேண்டிய பூண்டை வீட்டுக்கு ஒரு கிலோ என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். தோல் பறக்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டாள். பனியன் முதுகில் ஒட்டுகிறது. மடியில் பெரிய எழுத்து வேதாகமம் சூடாகக் கனக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் பெண்கள் சங்கத்தின் வசனப் போட்டி உண்டு. மற்றவர்கள் பத்து வசனம், இருபது வசனம் சொல்வார்கள். இவள் சொல்லப்போவது நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம் முழுவதும், வேதத்திலேயே நீளமானது, எட்டு எட்டாக இருபத்திரண்டு கட்டு, மொத்தம் நூற்று எழுபத்தாறு. ஐயரம்மா, அதாவது எங்கள் சபைக் குருவானவரின் மனைவி, ஒரு மேசை மணியை வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு வசனம் விட்டால் ஒரு மணி. மூன்று மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இந்தச் சங்கீதத்தை ஒரு மணியும் வாங்காமல் சொன்னது ஒரே ஒருத்தி, அவள் செத்து இருபது வருடமாகியும் கல்லறைத் தோட்டத்தில் அவள் கல்லைக் காட்டி 'மணி அடிக்காத அம்மா' என்றுதான் சொல்கிறார்கள். நாளை இவளுக்கும் அந்தப் பெயர் வரலாம். வராமலும் போகலாம். வராமல் போவதற்கான காரணம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

தொடங்கிவிட்டாள். முதல் வசனத்துக்கு ஒரு பூண்டுப் பல்லை எடுத்தாள், நகத்தால் நுனியைக் கிள்ளினாள், வசனம் முடியும்போது தோல் ஒரு பக்கம், பல் ஒரு பக்கம். இரண்டாவது வசனத்துக்கு இன்னொரு பல். இது புதிதாக இருக்கிறதே. ஒரு வசனத்துக்கு ஒரு பல்லா? நேற்றுவரை சும்மா கையைக் கட்டிக்கொண்டுதான் ஒப்பித்தாள். இப்போது கைக்கு வேலை வந்ததும் குரல் இன்னும் இறங்கி, தனக்குத் தானே பேசுகிற மாதிரி, இல்லை, பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி. அதுதான் எனக்குப் பிடிக்காதது. 'நீர்', 'உமது', 'உம்முடைய'. வசனத்துக்கு ஒரு 'உம்முடைய'. என்னிடம் இவள் இத்தனை வருடத்தில் இந்தக் குரலில் ஒரு வாக்கியம் பேசியது கிடையாது. என்னிடம் பேசுவது "கேஸ் தீந்துட்டு", "மோட்டரைப் போடுங்க", இந்தக் குரல்தான். கடவுளைப் பார்த்து ஒரு கிழவன் பொறாமைப்படலாமா என்றால், படலாம், படுகிறேன், அவரும் தம்மை எரிச்சல் உள்ள தேவன் என்றுதானே சொல்லிக்கொள்கிறார், அப்படியென்றால் என்னைப் புரிந்துகொள்வார். ஆள்காட்டி விரலை வரிமேல் வைத்து ஓட்டிக்கொண்டே போகிறேன். ஒன்பது. பத்து. பதினொன்று. ஒரு சொல் பிசகவில்லை. இவளா? உப்புப் போட்டோமா என்று மறந்து இரண்டாம் தடவை போடுகிறவள், சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள், என் பிறந்தநாளை முப்பத்தொரு வருடமும் அடுத்த நாள் சொன்னவள். இந்த வீட்டில் ஞாபகம் என்றால் நான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டின ஹெட்போனோடு உட்கார்ந்து இந்த ஊரின் எண்ணூற்றுச் சொச்சம் எண்களைப் புஸ்தகம் பார்க்காமல் சொன்னவன். டாக்டர் வீடு இருநூற்றுப் பதினேழு, ரைஸ் மில் நானூற்று நாலு, போலீஸ் ஸ்டேஷன் நூற்று முப்பது. "ஆசீர், மரக்கடைக்காரர் மச்சான் வீடு" என்று சொன்னால் போதும், கை தானாகப் போய் அந்த எண்ணில் ஒயரைச் சொருகும். மேலதிகாரிகள் வந்து சோதித்துப் பார்த்துவிட்டு சிரித்துக்கொண்டே போவார்கள். அத்தனையும் இன்னும் தலைக்குள் இருக்கிறது, ஒன்றுக்கும் உதவாமல். அந்த எண்களில் கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லை. இவள் மனப்பாடம் செய்தது மட்டும் கூப்பிட்டால் எடுக்கிறதாம்.

இருபத்தைந்தாம் வசனம். மண்ணோடு ஒட்டிக்கொண்டது என் உயிர் என்று வரும். இதில் முன்பெல்லாம் அவள் குரல் கம்மும், இப்போது கம்முவதில்லை, பல் உரிகிறது, அவ்வளவுதான். ஜெரின் போய் மூன்று வருடம் முடிந்து இரண்டு மாதம். ஒரே பையன், இருபத்து நாலு வயது, டவுனில் ஒரு கம்பெனியில் வேலை, சாயங்காலம் பைக்கில் வீட்டுக்கு வருவான், அன்றைக்கு லாரியில் மோதி வரவில்லை. முதல் ஒன்றரை வருடம் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சமம். இதை வெளியே சொன்னால் அடிப்பார்கள், ஆனால் அது எனக்கு ஒரு மாதிரி நன்றாகக்கூட இருந்தது. அவள் தூங்கமாட்டாள், நான் தூங்கமாட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள், நானும் எழுந்துவிடுவேன். ஒரே படகில் இரண்டு பேர். அப்புறம் சங்கத்தில் பதினைந்து நாளைக்கு எட்டு வசனம் என்று ஏதோ திட்டம் போட்டார்கள், வேண்டா வெறுப்பாக இவளும் தாளை வாங்கிவந்தாள். எட்டையும் திருப்பித் திருப்பி முணுமுணுத்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், தூங்கிவிட்டாள். குறட்டை விட்டுத் தூங்கினாள். நான் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்ன தோன்றியது தெரியுமா? பாவி, என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று தோன்றியது. அதுக்குப் பிறகு எட்டு பதினாறாகி, பதினாறு இருபத்து நாலாகி, ஒவ்வொரு கட்டுக்கும் அவள் முகத்தில் ஒரு சுருக்கம் அவிழ்ந்தது. சோறு இறங்கியது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். ஒருநாள் அடுப்பங்கரையில் சிரித்தாள். எதுக்கோ. டீ பொங்கினதுக்கு. நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன், அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்து போனேன். வேலை ஒன்றும் இல்லை. போய் இரண்டு பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. அவளுக்குத் தெரியாமல், அவள் சங்கத்துக்குப் போகிற வியாழக்கிழமைகளில், இதே நாற்காலியில், இதே புஸ்தகத்தை வைத்துக்கொண்டு. எண்ணூறு எண்ணைக் கட்டியாண்ட தலைக்கு நூற்று எழுபத்தாறு வசனம் எம்மாத்திரம்? எண்கள் நின்றன. பாதைக்கு வெளிச்சம், நூற்றைந்து. நான் உம்முடையவன், தொண்ணூற்று நாலு. ஒரு நாளைக்கு ஏழுதரம், நூற்று அறுபத்து நாலு. எந்த எண்ணைக் கேட்டாலும் எந்த வசனம் என்று சொல்வேன், ஆனால் வசனத்தைச் சொல்லத் தொடங்கினால் நாலாவது சொல்லில் நாக்கு இடறுகிறது. ஏனென்றால் சொல்லும்போது நடுவில் வேறு ஒரு எண் வந்து விழுகிறது. பத்து இலக்கம். ஜெரினின் எண். தொண்ணூற்றெட்டில் தொடங்கும், மிச்சத்தை நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு நாலு பத்துக்கு அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எதற்கு? வரும்போது ஒரு பாக்கெட் பிளேடு வாங்கிட்டு வாடே என்று சொல்ல. காலையில் கண்ணாடி முன்னால் நின்று, பிளேடு தீர்ந்துபோனதுகூட இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது என்று சத்தம் போட்டிருந்தேன். சாயங்காலம் ஞாபகம் வந்தது. என் ஞாபகம்! போன் அவன் பையில் இருந்ததா, கையில் இருந்ததா, எடுக்கக் குனிந்தானா, யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பியூலாவின் மடியில் அவன் கடிகாரமும் மணிபர்சும் போனும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கிடந்தன, அவள் எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. நான்தான் கவரை எடுத்துக்கொண்டுபோய் குழாயடியில் நின்று போனைப் பார்த்தேன். எடுக்காத அழைப்பு, 'அப்பா', 'அப்பா' என்று இரண்டு தடவை. அழித்துவிட்டேன். அதோடு பிளேடைத் தொடுவதையும் விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை சலூன்காரன் கத்தரிக்கோலால் ஒதுக்கிவிடுகிறான். துக்கத்துக்கு வளர்த்த தாடி என்று ஊரில் ஒரு மரியாதை. இதை மனதில் வைத்துக்கொண்டு எவன் வாயில் வசனம் நிற்கும்? அவளுக்கு என்ன, அவள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடாத கை சுத்தமான கை, சுத்தமான கைக்குச் சமாதானம் சும்மா வரும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், சொல்லும்போதே அது அநியாயம் என்றும் தெரியும்.

நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. வெளியே கோயில் பக்கம் மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ என்று ஒருவன் கத்துகிறான், அவள் அசையவில்லை. உரித்த பற்களை எட்டு எட்டாகக் குமித்து வைத்திருக்கிறாள், ஒரு கட்டுக்கு ஒரு குமி, ஆறு குமி முடிந்து ஏழாவது. எழுபத்தொன்று வரப்போகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் பிடித்தேன். எழுபதைச் சொன்னாள், கொழுப்பேறின நெஞ்சுக்காரர்களைப் பற்றி வருகிற வசனம், ஒரு மூச்சு விட்டாள், எழுபத்திரண்டுக்குப் போய்விட்டாள், பொன்னையும் வெள்ளியையும்விட என்று. எழுபத்தொன்று இல்லை. என் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது. சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் ஏதோ இனித்தது. சத்தியமாக இனித்தது. ஆகா, ஒரு ஓட்டை. இந்த வழவழப்பான, பளபளப்பான சமாதானத்தில் ஒரு ஓட்டை, அது எனக்கு மட்டும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். "தப்பு ஏதும் இருந்துச்சா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். மறுநாளும் அதே இடம், அதே மூச்சு, அதே தாவல். "இல்ல." இப்படி இருபத்தொரு நாள். ஒரு வசனம் விட்டதைச் சொல்லாமல் விடுவது திருட்டு இல்லை, கொலை இல்லை. ஆனால் எனக்கு வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். நாளைக்கு ஐயரம்மா மணியைத் தட்ட வேண்டும். சபை மொத்தமும் கேட்க வேண்டும். இவள் திகைக்க வேண்டும், எங்கே விட்டோம் என்று தேட வேண்டும், தேடினால் அடுத்தது குழம்பும், இந்தச் சங்கீதத்தில் ஒருமுறை குழம்பினால் ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்கு வழுக்கிவிடும், இரண்டாவது மணி, மூன்றாவது மணி. அப்புறம் வீட்டுக்கு வருவோம். இரண்டு பேரும் வருவோம். அவள் தூங்கமாட்டாள். மறுபடி சமம். இதுதான் எனக்கு வேண்டும், இதைவிடக் கேவலமான ஒன்றை என் அறுபத்திரண்டு வயதில் நான் விரும்பியதில்லை, ஆனாலும் வேண்டும். வேண்டும், வேண்டாம், சொல்லிவிடு ஆசீர், இன்றைக்குத்தான் கடைசி ஒத்திகை, இப்போது சொல்லாவிட்டால் நாளைக்குச் சொல்ல இடமில்லை. அந்த வசனம் என்ன, பெரிய கஷ்டமான வசனமா? பட்ட பாடு எனக்கு நல்லதாகப் போயிற்று, அதனால்தான் உம்முடையதைக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். அறுபத்தேழில் வழிதப்பி நடந்தேன் என்பாள். எழுபத்தைந்தில் என்னை அடித்தவர் நீர்தான், நியாயமாகத்தான் அடித்தீர் என்பாள். அதெல்லாம் மறக்கவில்லை, இது மட்டும் எப்படி மறக்கும்?

அறுபத்தெட்டு. ஒரு பல். அறுபத்தொன்பது. ஒரு பல், இது கொஞ்சம் பெரியது, தோல் கிழிந்து நகத்தில் ஒட்டிக்கொண்டது, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். எழுபது. பல் உரிந்தது, குமியில் ஏழாவதாகப் போய் உட்கார்ந்தது. மூச்சு. புஸ்தகத்தைப் பார்க்கச் சொன்னாள், நான் அவள் கையைப் பார்க்கிறேன். கை சட்டிக்குள் போயிற்று. ஒரு பல்லை எடுத்தது. எடுத்து, உரிக்காமல், தோலோடு, செய்தித்தாளின் ஓரத்தில் தனியாக வைத்தது. மெதுவாக வைத்தது. தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி. பிறகு கை திரும்பவும் சட்டிக்குள் போய் வேறொரு பல்லை எடுத்தது, பொன்னையும் வெள்ளியையும்விட என்று தொடங்கினாள், உரித்தாள், அதையும் குமியில் சேர்த்தாள். குமியில் எட்டு இல்லை. ஏழோடு ஒன்று எட்டு, இல்லை, ஏழாவது எழுபதா? அறுபத்தைந்து ஒன்று, அறுபத்தாறு இரண்டு, எழுபது ஆறு. ஆறாவதைத்தான் ஏழு என்று தப்பாகப் பார்த்திருக்கிறேன். எழுபத்திரண்டோடு ஏழு. எண்ணூறு எண்களைத் தலையில் வைத்திருந்தவனுக்கு எட்டுவரை எண்ண வரவில்லை. குமியில் ஏழு, ஓரத்தில் தோலோடு ஒன்று. அப்படியென்றால் மறக்கவில்லை. இவளுக்குத் தெரியும். அந்த வசனம் அங்கே இருப்பது தெரியும், அதைச் சொல்லாமல் தாண்டுவது தெரியும், தாண்டுகிறேன் என்று கை சாட்சி சொல்கிறது. இருபத்தொரு நாளும் தெரிந்தேதான் தாண்டியிருக்கிறாள். அப்படியானால் நான் "இல்ல, இல்ல" என்று சொன்னபோதெல்லாம், நான் பொய் சொல்கிறேன் என்பதும் இவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு என் விரல் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. எண்பதுகள் போயின. தொண்ணூற்று நாலு, நான் உம்முடையவன், போயிற்று. நூற்றைந்து போயிற்று, கோயில் மைக்கில் யாரோ ஒருவன் இருமினான். என்ன கேட்பாள்? ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். நீ விழுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது? கவனிக்கவில்லை என்று சொல்லலாம். கண்ணாடி சரியில்லை என்று சொல்லலாம். கிழவனுக்குச் சாக்குக்கா பஞ்சம். இவளும் சும்மாவா இருந்தாள்? சோதனை போட்டிருக்கிறாள். தினமும் என்னை உட்காரவைத்து, இவன் சொல்வானா மாட்டானா என்று பார்த்திருக்கிறாள். அப்படி நினைத்தவுடன் கோபம் வந்தது, கோபம் வந்தவுடன் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, கோபம் போனவுடன் மறுபடி அந்தப் பல். தாளின் ஓரத்தில், ஈரம் காய்ந்து, தோல் லேசாகச் சுருங்கி. ஜெரின் குழந்தையாக இருக்கும்போது பூண்டை ஒதுக்குவான். ரசத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பான், நான் அதட்டுவேன், இவள் அதையெல்லாம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். அது ஞாபகம் வந்து கண்ணில் நீர் முட்டியது. வெங்காயமாக இருந்திருந்தாலும் ஒரு சாக்கு இருந்திருக்கும். நூற்று அறுபத்து நாலு. நூற்று எழுபது. குரல் தளரவில்லை, இருபத்திரண்டு குமி ஆகப்போகிறது, கடைசி வசனம், காணாமல்போன ஆடு மாதிரி அலைந்தேன், தேடி வாரும் என்று முடிகிறது. முடித்தாள். கடைசிப் பல்லை வைத்தாள். கைகளை உதறித் தோலைத் தட்டிவிட்டாள்.

"தப்பு ஏதும் இருந்துச்சா?" என்று கேட்டாள். நான் "இல்ல" என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்த அடுப்பங்கரைச் சிரிப்பு, இந்தத் தடவை என்னைப் பார்த்து. "நீங்க இப்படித்தான் சொல்லுவீயன்னு தெரியும்" என்றாள். தாளின் ஓரத்துப் பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "இதை எண்ணிட்டீயள்லா? பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." நான் புஸ்தகத்தில் எழுபத்தொன்றைத் தேடினேன். "அடிச்சீர்னு சொல்லுதேன். வழிதப்பிப் போனேன்னு சொல்லுதேன். எல்லாம் வாய்க்கு வருது. அது நல்லதுன்னு மட்டும் சொல்ல வரமாட்டேங்கு. சொன்னா, பிள்ளையைக் குடுத்துட்டு ஒரு சங்கீதத்தை வாங்கிக்கிட்டேன்னு ஆயிரும்லா. ஆண்டவர் கோவிச்சா கோவிச்சுக்கிடட்டும்." பல்லை விரலால் உருட்டினாள். "வேற யாரா இருந்தாலும் முத நாளே, ஏளா, ஒண்ணை விட்டுட்ட, ஒண்ணை விட்டுட்டன்னு சொல்லிருப்பாவ. ஐயரம்மாகிட்ட சொன்னா அதுக்கு ஒரு பிரசங்கம் பண்ணி ஜெபமும் பண்ணிருவாவ. நீங்க ஒரு நாள்கூட கேக்கல. விரலு அந்த வரியில நிக்கும், நான் பாப்பேன். இவ தெரிஞ்சுதான் விடுதான்னு புரிஞ்சுக்கிட்டு, ஒண்ணும் சொல்லாம, இல்லன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தீயள்லா. நான் வசனத்தாலதான் தூங்குதேன்னு ஊர்ல சொல்லுதாவ. இந்த மூணு வாரமா நான் நல்லாத் தூங்குனது அதனால இல்ல."

நான் வாயைத் திறந்தேன். பியூலா, அப்படி இல்லை, நீ நினைக்கிற ஆள் நான் இல்லை. இது தொண்டைவரை வந்தது. இருபத்தொரு நாளும் இந்த நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தானாம். மனைவியின் வாயில் வராத வசனத்தை வராதபடியே விட்டுவிட்டு, விரலை அந்த வரியில் வைத்து அவளுக்காகக் காவல் இருந்தானாம். எவ்வளவு நல்லவன். அவன்மேல் எனக்கு வந்ததைப்போன்ற பொறாமை அவள் தூக்கத்தின்மேல்கூட வந்ததில்லை, அவள் கடவுளின்மேல்கூட வந்ததில்லை. என் நாற்காலியில், என் பனியனில், என் தாடியோடு உட்கார்ந்து, எனக்குக் கிடைக்காத எல்லாவற்றையும் அவள் கையால் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். "பியூலா, நான்..." என்றேன்.

"வேண்டாம்" என்றாள், எழுந்து நின்று முழங்காலைத் தடவிக்கொண்டே. "நீங்க ஒண்ணைத் தெரிஞ்சும் பேசாம இருந்தீய. நானும் ஒண்ணைத் தெரிஞ்சுதான் பேசாம இருக்கேன்." எனக்குப் புரியவில்லை. "ஆஸ்பத்திரியில அந்தக் கவரை என் கையிலதான குடுத்தாவ. நீங்க கையெழுத்துப் போடப் போயிருந்தீய. போன் எரிஞ்சுக்கிட்டு கெடந்துச்சு. அப்பா, அப்பான்னு ரெண்டு." சட்டியைக் குனிந்து எடுத்தாள். "காலையில பிளேடு இல்லன்னு சத்தம் போட்டீயள்லா, அதுக்காத்தான் இருக்கும்னு நெனச்சேன். உங்களைக் கேட்டா நீங்க தாங்கமாட்டீய. அதான் கேக்கல." மூன்று வருடம் இரண்டு மாதம். எழுபதுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவில் அவள் விடுகிற அந்த ஒரு மூச்சு மாதிரி, இத்தனை நாளும் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, சோறு போட்டுக்கொண்டு, மோட்டரைப் போடுங்க என்று சொல்லிக்கொண்டு, அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள். நான் பொறாமையால் செய்ததை அவள் நிஜமாகவே செய்திருக்கிறாள்.

"நாளைக்கு அந்த இடத்துல மணி அடிப்பாவளே" என்றேன். "அடிக்கட்டும். ஒரு மணிதான. நீங்க முன்வரிசையில உக்காருங்க. மணி அடிக்கயில உங்க மூஞ்சியைப் பாத்துக்கிடுதேன், குழம்பாது." அடுப்பங்கரைக்குள் போனவள் அங்கிருந்தே சொன்னாள், "அந்தத் தாடியை எடுங்க முதல்ல, மூஞ்சி தெரிய வேண்டாமா. பிளேடு கண்ணாடி அலமாரியில மேல்தட்டுல இருக்கு. போன வருசமே வாங்கி வச்சேன்." தண்ணீர்க் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது, பூண்டைக் கழுவுகிறாள். நான் புஸ்தகத்தை மூடிவிட்டு மின்விசிறியைப் போட்டேன், தோலெல்லாம் எழும்பி அறை முழுக்கப் பறந்தது, அவளிடம் திட்டு வாங்கப்போகிறேன். அலமாரியின் மேல்தட்டில் பிளேடு பாக்கெட் இருந்தது, அவள் சொன்ன இடத்தில், உறை பிரிக்காமல். கண்ணாடியில் பார்த்தேன். தாடிதான் தெரிந்தது. அவள் நாளைக்குத் தேடப்போகிற அந்த ஆள் இதற்குள் எங்காவது இருக்கிறானா என்று பார்க்க, தாடியை எடுத்துத்தான் ஆகவேண்டும்.